உரிமை கோர இருவர், பொறுப்பேற்க எவருமில்லை

இமைகளில் அடர்ந்த சாயம். பளபளக்கும் தடித்த உதடுகள். குட்டைப் பாவாடை, வலைக் காலுறை. இப்படி அலங்கரித்த பொம்மையைத்தான் அமெரிக்காவின் எம்ஜிஏ என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2001 முதல் சிறுமிகளுக்கு விற்கிறது. பெயர் பிராட்ஸ். நகரத்துப் பதின்வயதினரின் நாகரிகம் என்ற போர்வையில் இது நடக்கிறது.

அதுவும் போதவில்லை. பச்சிளம் குழந்தை உருவிலும் பிராட்ஸ் வந்தது. அந்த முகத்திலும் ஒப்பனை. இதற்கு ஒப்புதல் தந்தது யார்?

போட்டி நிறுவனமான மேட்டலும் தப்ப முடியாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் ஏழை இளைஞர்கள் வளர்த்தெடுத்த கலை ஹிப்ஹாப். 2003இல் ஃபிளேவாஸ் என்ற பொம்மை வரிசையின் வழியே அதை, பொம்மையோடு தரும் ஓர் அட்டைச் சுவராகவும் சில ஆபரணங்களாகவும் சுருக்கியது மேட்டல். ஒரு சமூகத்தின் குரலை விற்பனைச் சரக்காக்கியது.

எச்சரிக்கை வராமல் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை பிராட்ஸைப் பெயர் சொல்லியே சுட்டியது. பெண் குழந்தையைக் கவர்ச்சிப் பொருளாகக் காட்டும் போக்குக்கும் மனச்சோர்வு, உணவுக் கோளாறு, தன்மதிப்புக் குறைவு ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்றது. எம்ஜிஏ திருந்தவில்லை. பள்ளிகளில் நூல் விற்கும் ஸ்காலஸ்டிக் நிறுவனமும், குழந்தை நல ஆர்வலர்கள் போராடிய பிறகே, 2008இல் பிராட்ஸ் நூல்களைக் கைவிட்டது. வகுப்பறைக்குள் அவற்றை விட்டதே குற்றம்.

பிராட்ஸுக்காக எம்ஜிஏவும் மேட்டலும் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் மோதின. 2008இல் மேட்டலுக்கு 10 கோடி டாலர் இழப்பீடு என்றது நடுவர் குழு. 2010இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. 2011இல் மற்றொரு நடுவர் குழு எம்ஜிஏ பக்கம் நின்றது. பொம்மை யாருக்குச் சொந்தம் என்பதே அங்கே கேள்வி. பொம்மையால் விளையும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்று அந்த வழக்கில் எவரும் கேட்கவில்லை. உரிமை கோர இருவர் வந்தார்கள். பொறுப்பேற்க ஒருவரும் வரவில்லை.

எம்ஜிஏ நிறுவனர் ஐசக் லாரியன் பதில் சொல்ல வேண்டும். குழந்தை முகத்தில் பூசிய ஒப்பனைக்குப் பதில் சொல்ல வேண்டும். உளவியலாளர்களின் எச்சரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். சிறுமிகளுக்கான எந்தப் பொம்மையும் குழந்தை உளவியலாளர்களின் ஆய்வுக்குப் பிறகே கடைக்கு வர வேண்டும். அந்த ஆய்வு முடிவைப் பெற்றோர் படிக்கும்படி வெளியிட வேண்டும். அதுவரை இந்த அலங்காரத்தில் ஒரு பொம்மையும் விற்கக் கூடாது.

சிறுமியின் மதிப்பை உதட்டுச் சாயத்தில் அளக்கும் உரிமையை எந்த நீதிமன்றமும் இவர்களுக்கு வழங்கவில்லை. திருத்துங்கள். இல்லையேல் நிறுத்துங்கள்.