கிருமி என்னும் ஒரு சொல் போதுமா?

மலேரியாவும் கிருமி, காசநோயும் கிருமி, கொரோனாவும் கிருமி. நம் பேச்சில் இம்மூன்றும் ஒன்றே. கிருமி என்பது முன்னாளில் புழுவைக் குறித்த வடசொல். இன்று கண்ணுக்குப் புலனாகாத நோய்முதல்கள் அனைத்தையும் அவ்வொரு சொல்லே சுமக்கின்றது. காசநோயைத் தருவது பாக்டீரியா. கொரோனாவைத் தருவது வைரஸ். மலேரியாவைத் தருவதோ உட்கருவுடைய ஒருசெல் ஒட்டுண்ணி. ஒன்றிற்குரிய மருந்து மற்றொன்றிற்கு ஆகாது. சொல்லில் வேறுபாடு மறைந்தால் சிந்தனையிலும் மறையும். எக்காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையைக் கேட்டு வாங்கும் வழக்கம் அதன் விளைவுகளுள் ஒன்று என்பது என் கருத்து.

இத்துறை தமிழகத்திற்குப் புதியதன்று. 1903ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்னும் மருத்துவர், நோயாளிகளின் மண்ணீரலில் ஓர் ஒருசெல் ஒட்டுண்ணியைக் கண்டார். அதனையே இங்கிலாந்தில் லீஷ்மன் கண்டு அவ்வாண்டு எழுதியிருந்தார். கருங்காய்ச்சலுக்குக் காரணமான அவ்வுயிரிக்கு இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனவானி' எனப் பெயர் சூட்டினார் ரொனால்டு ராஸ். உலகப் பாடநூல்களில் இடம்பெற்ற இச்சென்னை ஆய்வை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்?

ஒருசெல் உயிரிகள் யாவும் ஒட்டுண்ணிகளும் அல்ல. 2019 ஆகஸ்டில், மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கரைகளில் இரவலைகள் நீலமாய் ஒளிர்ந்தன. கடலில் தனித்து வாழும் நாக்டிலுகா, அலையால் அசைவுறும்போது உமிழும் ஒளி அது. அவ்வுயிரியே அளவிறந்து பெருகினால் நீரில் உயிர்வளி குன்றி மீன்கள் மடிவதும் உண்டு. ஆகவே அவ்வொளி கண்டு மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று, அறிந்துகொள்வதற்கும் உரியது.

செங்கல்பட்டு மாவட்டத்து முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுக்களம் உள்ளது. இறால் பண்ணைகளை இன்று வாட்டும் ஈ.எச்.பி. என்பது பூஞ்சைக்கு உறவான ஒருசெல் ஒட்டுண்ணி. அதனால் இறால் வளராது குன்றும். பாக்டீரியாவுக்குரிய ஆன்டிபயாடிக்கைக் குளத்தில் கொட்டினால் அது அழியாது; பணமே அழியும். 'கிருமி வந்துவிட்டது' என்று மட்டும் கேட்ட பண்ணையாளர் இதனை எவ்வாறு உணர்வார்?

இவ்விடத்தே தமிழ்த்துறைக்குக் கடமை உண்டு. விலங்கியல் துறையோடு கைகோத்து, கோவளம் முதல் மாமல்லபுரம் வரை மீனவரிடையே வழங்கும் சொற்களை நம் மாணவர் திரட்டலாம். எளிய சிறுநூல்களை எழுதலாம். அச்சிடும் செலவிற்குச் சமுதாயப் பெரியோர் துணைநிற்கலாம். கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடாமல் குளக்கரைக்கும் மருந்துக்கடைக்கும் சென்றடையும் தமிழே அறிவியல் தமிழ்.