கொடியை எறிய வேண்டாம்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோரின் குடும்பத்தினர், "வீட்டில் வளரும் சங்குப்பூக்கொடியை எறிந்துவிட வேண்டுமா?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. எறிய வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும் என்பதே எங்கள் கருத்து.

அச்சம் பூவைக் குறித்தன்று. தொட்டி மண்ணைக் குறித்தது. ஈரமண்ணில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வாழ்கிறது. அதன் நுண்வித்துகளைச் சுவாசிக்கும் நலமுள்ளோர்க்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. வெள்ளணுக்கள் குறைந்தவர்க்கோ அது நுரையீரலைத் தாக்கக்கூடும். ஆகவே, தொட்டி நோயாளியின் அறையில் இருத்தலாகாது. வெயில் விழும் கூடத்துச் சன்னலில் கயிறு கட்டிப் படரவிடுங்கள். மேல்மண் உலர்ந்தபின் நீரூற்றுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அங்கும் முட்டையிடும். மண் கிளறுதலும் நீரூற்றுதலும் பிறர் பணியாகட்டும். எலும்பு மஜ்ஜை மாற்றம் பெற்றோர் மட்டும், வீட்டில் செடி இருக்கலாமா என மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வெளியுணவு, விருந்தினர், திருவிழா எனப் பலவற்றை நோயாளிகளிடமிருந்து நாங்கள் விலக்குகிறோம். தேவையின்றி இன்னொன்றையும் விலக்குதல் முறையன்று. இன்று எத்தனை பூ என அவர் தொலைவிலிருந்து எண்ணட்டும். அணுக்கள் மீண்டு, மருத்துவர் இசைந்தபின், நீர்ச்செம்பை அவர் கையிலேயே கொடுங்கள்.