ஆங்கிலம் கற்பிக்க வருவோரை ஆங்கிலத்தில் சோதியுங்கள்: ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைக்கும், ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கும், தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலுக்கும்:

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கத் தயாராகும் பட்டதாரிகளும், ஏற்கெனவே கற்பித்துவரும் ஆசிரியர்களும், அந்த வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

தேர்வு கடினமாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்புக்கோ ஆங்கிலம் நடத்தப் போகிறவரின் சொல்வளமும் இலக்கண அறிவும் மாணவரைவிடப் பல படி மேலே இருந்தாக வேண்டும். அதை உரசிப் பார்க்கும் உரிமையும் கடமையும் அரசுக்கு உண்டு. ஆனால் அந்த அறிவு வகுப்பறையில் எப்படிப் பயன்படுகிறதோ அப்படிச் சோதிக்கப்பட வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அது எப்போது நடக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி. கோரிக்கைகள் இவை:

1. தகுதித் தேர்வில் மொழி ஆசிரியருக்குத் தனிப் பிரிவு வேண்டும்.
தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2011 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாளுக்கு 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, இரண்டாம் மொழியான ஆங்கிலம் 30. மீதி 60 மதிப்பெண் கணிதம்–அறிவியலுக்கு, அல்லது சமூக அறிவியலுக்கு. கணிதம்–அறிவியல் ஆசிரியருக்கும் சமூக அறிவியல் ஆசிரியருக்கும் அந்த 60 மதிப்பெண் அவரவர் சொந்தப் பாடம். மொழி ஆசிரியர்தான் தாம் நடத்தப்போகாத இரண்டில் ஒன்றைப் படித்து எழுதுகிறார். ஆங்கிலம் கற்பிக்க வருபவரின் ஆங்கிலத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண்தான். அந்த 60 மதிப்பெண்ணை அவரவர் மொழி அறிவுக்கும் மொழி கற்பிக்கும் முறைக்கும் ஒதுக்க வேண்டும். இதே உரிமை தமிழாசிரியருக்கும் வேண்டும். பணியில் இருக்கும் ஆசிரியர்களில் ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு ஆங்கிலம் நடத்தியவர் அந்தக் கெடுவுக்குள் வரலாறும் புவியியலும் படித்துத் தம் வேலையைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே மாநில அரசு இந்தத் திருத்தம் கேட்டு உடனே கவுன்சிலுக்கு எழுத வேண்டும்; கவுன்சில் அடுத்த தேர்வுக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.

2. சொல்வளத்தைச் சொற்றொடருக்குள் வைத்துச் சோதிக்க வேண்டும்.
அகராதியின் மூலையில் கிடக்கும் ஒரு சொல்லைத் தனியே எடுத்து எதிர்ச்சொல் கேட்டால், மனப்பாடம் செய்த பட்டியல்தான் சோதிக்கப்படுகிறது. ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிக்கல்’ இரண்டில் எது எந்த இடத்தில் வரும், மழைக்கு ‘ஹெவி’ என்றும் காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ என்றும் ஏன் சொல்கிறோம், ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களில் விண்ணப்பத்துக்கு ஏற்றது எது, நண்பனுக்கு எழுதும் கடிதத்துக்கு ஏற்றது எது: உயர்நிலைச் சொல்வளம் என்பது இந்தத் தெளிவுதான். மாணவர் கேட்பதும் இதைத்தான். ஒவ்வொரு சொல்வளக் கேள்வியும் ஒரு முழு வாக்கியத்தையோ பத்தியையோ தாங்கி வர வேண்டும். கேள்வி தயாரிப்போருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அடுத்த வினாத்தாளிலேயே இதைச் செய்யலாம்.

3. இலக்கணக் கேள்விகள் மாணவரின் நோட்டிலிருந்து வர வேண்டும்.
‘ஹி டிட் நாட் வென்ட்’ என்று எழுதிய பிள்ளையிடம் அது தவறு என்று சொல்ல எவராலும் முடியும். இறந்தகாலம் ‘டிட்’ என்ற சொல்லிலேயே வந்துவிட்டது, வினைச்சொல் மறுபடி அதைச் சுமக்க வேண்டியதில்லை என்று விளக்குபவரே ஆசிரியர். ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதும் பிள்ளைக்கு, ‘2020 முதல்’ என்னும் இடத்தில் ‘சின்ஸ்’, ‘இரண்டு வருடமாக’ என்னும் இடத்தில் ‘ஃபார்’ என்று வீட்டு மொழியைக் கொண்டே புரியவைப்பவர் அவர். தமிழ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளுக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்திருப்பது உயர்ந்த இலக்கண அறிவு. இலக்கணப் பகுதியில் பாதிக் கேள்விகளாவது பிழையைக் கண்டு, காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளாக இருக்க வேண்டும். ஓ.எம்.ஆர். தாளிலேயே இதைக் கேட்க முடியும் என்பதால் காத்திருக்கக் காரணம் ஏதுமில்லை.

4. பாடத்திட்டத்தில் மொழிக்கு உரிய பங்கு வேண்டும்.
முதுகலை ஆசிரியர் தேர்வில் 150 கேள்விகளில் 110 பாடத்துக்கு உரியவை. ஆங்கிலத்துக்கான பாடத்திட்டத்தில் பெரும்பகுதியை இலக்கியம் எடுத்துக்கொள்கிறது. சாசரையும் ஷேக்ஸ்பியரையும் ஆங்கில ஆசிரியர் படித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்டு முழுவதும் அவர் வகுப்பில் நடத்தப்போவது வாசிப்பும் எழுத்தும் இலக்கணமும் சொல்லும். பாடக் கேள்விகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மொழிப் பயன்பாடு, இலக்கணம், ஒலிப்பு, மொழி கற்பித்தல் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வுக்கும் இதே அளவு வேண்டும். பாடத்திட்டத்தை மாற்றினால் படிக்கவும் காலம் தர வேண்டும். அதனால் திருத்திய பாடத்திட்டம் அறிவிக்கைக்கு ஆறு மாதம் முன்பே வெளிவர வேண்டும்.

5. எழுத வைத்துப் பார்க்க வேண்டும்.
நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் தேர்வில் ஒருவர் ஒரு பத்திகூட எழுதாமல் ஆங்கில ஆசிரியர் ஆகிவிடலாம். அவரேதான் நாளை கட்டுரை எழுதக் கற்றுத் தருவார். ஒரு மணி நேரத் தாள் ஒன்று போதும்: ஒரு பத்தி எழுதுவது, ஒரு மாணவரின் கட்டுரையைத் திருத்திக் காரணம் சொல்வது. ஹாங்காங்கில் 2001 முதல் நடக்கும் ஆசிரியர்களுக்கான மொழித்திறன் மதிப்பீட்டில் எழுத்துத் தாள் இப்படித்தான் இருக்கிறது. அங்கே மாணவர் கட்டுரையின் பிழையைத் திருத்துவதோடு அதை விளக்கவும் வேண்டும். விடைத்தாள் திருத்தும் சுமையைக் காரணம் காட்ட வேண்டாம். கொள்குறித் தேர்வில் முன்னிலை பெற்றவர்களின் தாளை மட்டும் திருத்தினால் போதும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வில் விரிவான விடைகளைத் திருத்திவரும் மாநிலம் இது.

6. பேச வைத்துக் கேட்க வேண்டும்.
முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் காதில் விழும் இடம் வகுப்பறைதான். ‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும்; ‘ஃபோட்டோகிராஃபர்’ என்னும்போது இரண்டாம் அசைக்கு நகரும். இதை அறிந்தவரிடம்தான் பிள்ளை சரியாகக் கற்கும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்படுவோருக்கு அன்றே பத்து நிமிடம் போதும்: ஒரு பத்தியை உரக்க வாசிப்பது, ஓர் இலக்கணப் பகுதியை எட்டாம் வகுப்புக்கு விளக்குவதுபோல் பேசுவது. சென்னை, மதுரை, திருநெல்வேலி என்று ஊர்வாரியான உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. புரியும்படி பேசுகிறாரா என்பதே அளவுகோலாக வேண்டும். பாரபட்சத்துக்கு இடமில்லாதபடி ஒலிப்பதிவு செய்து, இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். முதலில் இதைத் தகுதி மதிப்பெண்ணாக மட்டும் வைத்து ஒரு சுற்று நடத்திப் பார்க்கலாம். அந்தச் சுற்று அடுத்த நியமனத்திலேயே தொடங்க வேண்டும்.

7. ஆதார நூல்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.
ஆங்கில இலக்கணத்தில் நூலுக்கு நூல் விதி மாறும். தன்மையில் ‘ஷால்’, மற்ற இடங்களில் ‘வில்’ என்று 1930களில் எழுதப்பட்ட ரென் – மார்ட்டின் இலக்கணம் கற்பித்தது. இன்றைய பயன்பாட்டு இலக்கணங்கள் தன்மையிலும் ‘வில்’ சரி என்கின்றன. ‘நன் ஆஃப் தெம்’ என்பதற்குப் பின் ‘இஸ்’, ‘ஆர்’ இரண்டும் வரலாம். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் வேறு, அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறு. எந்த இலக்கண நூல், எந்த அகராதி, எந்த வழக்கு அளவுகோல் என்று அறிவிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நூல்களின்படி இரண்டு விடை சரியாகும் கேள்வியை வினாத்தாளில் சேர்க்கவே கூடாது. ஒரு மதிப்பெண்ணில் வேலை கைமாறும் தேர்வில் இந்தத் தெளிவு முதல் நாளே வேண்டும்.

8. இறுதி விடைக்குறிப்பு காரணத்தோடு வர வேண்டும்.
தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபணை பெறும் நடைமுறை இருப்பது நல்லது. அதை முழுமையாக்குங்கள். எந்தக் கேள்விக்கு விடை மாறியது, எந்த நூலின் எந்தப் பக்கத்தின்படி மாறியது, எது நீக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் தர வேண்டும். காரணம் கைக்கு வந்தால் நீதிமன்றப் படி ஏறுவோர் குறைவார்கள். வழக்கால் நியமனம் தள்ளிப்போவதும் குறையும். ஆட்சேபணைகளை ஆராய்ந்து நிபுணர் குழு எடுத்த முடிவைத்தான் கேட்கிறோம். அதை வெளியிட ஒரு வாரம் போதும்.

9. பயிற்சி எல்லோருக்கும் எட்ட வேண்டும்.
எழுத்துத் தாளும் பேச்சுத் தேர்வும் வந்தால், நகரத்து ஆங்கிலவழிக் கல்லூரியில் படித்தவருக்கு மட்டும் அது ஆதாயமாகிவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, தன் ஊர்க் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இலவசப் பயிற்சி வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும், மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களும் இருக்கின்றன. அங்கேயே வார இறுதி வகுப்புகள் நடக்கட்டும். மாதிரி வினாத்தாளும், மாதிரித் திருத்தங்களும், பேச்சுத் தேர்வின் மதிப்பெண் முறையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு ஆங்கிலம் தெரிந்த எழுத்து உதவியாளரும் கூடுதல் நேரமும், செவித்திறன் அல்லது பேச்சில் குறைபாடு உள்ளவருக்குப் பேச்சுத் தேர்வில் மாற்று ஏற்பாடும் உறுதி செய்யப்பட வேண்டும். தேர்வு மாறும் அன்றே பயிற்சியும் தொடங்கியிருக்க வேண்டும்.

10. ஆண்டு அட்டவணையைக் காப்பாற்ற வேண்டும்.
ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதித் தேர்வு நடக்க வேண்டும் என்பது 2011 வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் எல்லோருக்குமான தேர்வு 2013க்குப் பிறகு 2017இல் நடந்தது. பின்னர் 2019, அதன் பின் 2022–23, அடுத்து 2025 நவம்பர். டெட்டில் தேர்ச்சி பெற்றாலும் தனியே போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை வந்தது. அதன்படி பட்டதாரி ஆசிரியர் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரி 4 அன்றுதான். படித்து முடித்தவரின் வயது கூடிக்கொண்டே போகிறது. ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்பில் வேறு பாட ஆசிரியர் பாடப்புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறார். டெட் ஆண்டுக்கு ஒரு முறை, போட்டித் தேர்வு காலியிடம் ஏற்படும் ஆண்டிலேயே, அறிவிக்கையிலிருந்து பணி ஆணை வரை அதிகபட்சம் ஒன்பது மாதம் என்று அரசாணையில் எழுதித் தர வேண்டும்.

இவற்றில் இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது, எட்டாவது கோரிக்கைகளுக்குப் புதிய நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை. அடுத்த அறிவிக்கையோடு நடைமுறைக்கு வர வேண்டும். பாடத்திட்டம், பயிற்சி, அட்டவணை ஆகியவற்றுக்கு ஆறு மாதம் தருகிறோம். எழுத்துத் தாளும் பேச்சுத் தேர்வும் அடுத்த நியமனச் சுற்றில் ஒத்திகையாகத் தொடங்கி, அதற்கடுத்த சுற்றில் முழுமை பெற வேண்டும். டெட் திருத்தம் கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதும் கடிதம் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும்.

தேர்வை விரைந்து திருத்த முடியாது என்ற பதிலை ஏற்க மாட்டோம். 2012 ஜூலையில் ஒன்றரை மணி நேரத்தில் நடத்திய டெட் தேர்வை, நேரம் போதவில்லை என்று கண்டதும் அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி இதே மாநிலம் மறுபடி நடத்தியது. அன்று மூன்று மாதத்தில் முடிந்தது இன்றும் முடியும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே நடவடிக்கையும் அது முடியும் தேதியும் எழுதி, முப்பது நாளுக்குள் எங்களுக்குப் பதில் தாருங்கள்.