உலோகச் சோர்வும் நம் பட்டறைகளும்

விழா மலரொன்றில் தமிழாசிரியன் அலுமினியத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகலாம். ஆயினும் 'உலோகச் சோர்வு' என்னும் தொடர் தமிழிலும் வழங்கத் தொடங்கிவிட்டது. சொல் வந்தபின் அதன் பொருளை ஆராய்வது தமிழாசிரியனுக்கும் உரிய பணியே. மலைநாட்டுக் கராஜுகளிலும் ஒட்டுப் பட்டறைகளிலும் தொழில் செய்யும் நம் பழைய மாணவர் பலர். அவர்கள் இப்பொருளைப் பிழையற உணர்தல் வேண்டும். உணராவிடின் விளைவது உயிர்க்கேடு.

ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க மிக்க விசை வேண்டும். அதனையே இருபுறமும் மாறி மாறி வளைத்தால் சிறுவனும் முறித்துவிடுவான். எளிதில் தாங்கக்கூடிய சுமையே எண்ணிறந்த முறை வந்து வந்து நீங்குமாயின், உலோகத்தில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றிச் சிறிது சிறிதாக நீண்டு, ஒருநாள் திடீர் முறிவில் முடியும். 1842 இல் பிரான்சு நாட்டில், வெர்சாய் நகரத்தினின்றும் திரும்பிய புகையிரதத்தின் அச்சு இவ்வாறு முறிந்தது. ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். பின்னர் வோலர் என்னும் செருமானியப் பொறியியலார் புகையிரத அச்சுக்களை ஆண்டுக்கணக்கிற் சோதித்து, உருக்குக்கு ஓர் எல்லையுண்டு, அதற்குக் கீழ்ப்பட்ட சுமையை அது நெடுங்காலம் தாங்கும் எனக் கண்டார். சிங்கமலைச் சுரங்கத்தினூடாகக் கொட்டகலைக்கு வரும் புகையிரதத்தின் அச்சும் அவ்வறிவைக் கொண்டு அமைந்ததே.

அலுமினியத்துக்கோ அத்தகைய திட்டமான எல்லை இல்லை. சுமை சிறிதாயினும் அதன் வாழ்நாள் எண்ணி வைக்கப்பட்டதாகும். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது 'கொமெற்' என்னும் ஆகாய விமானம். 1952 இல் இலங்கைக்கும் வந்துசென்ற விமானம் அது. 1954 ஜனவரியில் ஒன்று எல்பாத் தீவருகே 35 பேருடனும், ஏப்பிரலில் மற்றொன்று நேப்பிள்சுக்குத் தெற்கே 21 பேருடனும் கடலில் வீழ்ந்தன. ஆராய்ச்சியாளர் அவ்வகை விமானமொன்றின் உடலைப் பெரிய நீர்த்தொட்டியில் வைத்து, பறக்குங்கால் ஏற்படும் அமுக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினர். முன்னர்ப் பறந்தவற்றையும் சேர்த்து 3,057 ஆம் முறையில் அது பிளந்தது. எல்பாவருகே வீழ்ந்ததோ 1,290 முறையே பறந்திருந்தது.

(விமான விபத்து என்றதும் நம் பகுதியினருக்கு ஏழு கன்னியர் மலை நினைவுக்கு வரும். 1974 டிசம்பர் 4 ஆம் நாள் அம்மலையில் மோதி 191 பேர் மாண்டனர். அது விமானம் தாழப் பறந்ததால் நேர்ந்தது, உலோகத்தின்மீது பழியில்லை.)

கொமெற்றின் உடல் தகடாக உருட்டப்பட்ட அலுமினியத்தால் ஆனது. வார்ப்பு அலுமினியத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஐதரசன் வாயுவை உட்கொள்ளும்; இறுகும்போது அதனை வைத்திருக்க மாட்டாமல் வெளிவிட, உள்ளே நுண்துளைகள் தங்கிவிடும். இறுகுகையில் கனவளவும் நூற்றுக்கு ஆறளவு சுருங்குவதால் வேறு குழிகளும் உண்டாகும். மேற்பரப்பையொட்டிய ஒரு துளையே வெடிப்புக்குப் பிறப்பிடமாகப் போதும். பூச்சுப் பூசிய சில்லைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்பாரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே: அத்துளையைக் கண்டீரோ?

மாணவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வான் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 530 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் ஒவ்வோர் ஆரமும் சுமை ஏற்று இறக்குகின்றது. ஓர் இலட்சம் கிலோமீற்றர் ஓடினால் 5 கோடியே 30 இலட்சம் முறை! நம் வளைவுப் பாதைகளில் திருப்பந்தோறும் வரும் பக்கச்சுமையும் குழிகளின் அதிர்ச்சியும் இக்கணக்கிற் சேரா.

'அலோய் வீல்' எனப்படும் இவ்வகைச் சில்லுகள் பெரும்பாலும் நூற்றுக்கு ஏழு அளவு சிலிக்கனும் சிறிது மகனீசியமும் கலந்த அலுமினிய வார்ப்புகள். அவற்றை ஏறக்குறைய 540 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, நீரில் தோய்த்து, மீண்டும் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைத்தே வலிமையூட்டுகின்றனர். குழியில் வீழ்ந்து நெளிந்ததைப் பட்டறையில் தீயிற் காட்டிச் சுத்தியால் நேராக்கினால் அவ்வலிமை அழிகின்றது. சிறிதளவே நெளியவல்ல வார்ப்பு, நிமிர்த்துகையில் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பதும் உண்டு. வெடித்த ஆரத்தை வெல்டிங் செய்தாலோ ஒட்டினருகே உலோகம் மென்மையாகி விடும். அராவிப் பூச்சிட்டால் புதியதுபோல் மின்னும்; வெடிப்போ ஒட்டின் ஓரத்திலேயே மீண்டும் பிறக்கும். வெடித்த ஆரத்தை ஒட்டிக் கொடுத்தல் தொழிலாகாது என்பது என் துணிபு. புதிய சில்லு வாங்க வசதியற்றோர் என் செய்வர் எனின், வெடிப்பற்ற பழைய உருக்குச் சில்லு ஒன்றை மாட்டட்டும். அழகு குறையலாம், ஆயினும் குழியில் வீழ்ந்தால் அது பெரும்பாலும் நெளியும், சட்டென வெடித்துவிடாது.

இனி அச்சொல்லுக்கு வருவோம். 'சோர்வு' மனிதரிடமிருந்து இரவல் பெற்ற சொல். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தாய் உறங்கி எழுந்தால் சோர்வு நீங்கும். உலோகம் உறங்குவதில்லை, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியிலும் வெடிப்பு விட்ட இடத்திலேயே காத்திருக்கும். "கொஞ்ச நாள் ஓடாமல் இருந்ததுதானே" என்னும் ஆறுதல் இச்சொல்லால் வரும் மயக்கமே. அதற்காக வேறு சொல் படைக்க நான் முயலவில்லை. வழங்கும் சொல்லையே வைத்துக்கொண்டு, 'ஓய்வால் தீராதது' என்னும் விளக்கத்தையும் சேர்த்துக் கற்பிப்போம்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒட்டும் முறையைக் கற்பிக்கின்றனர். ஒட்டக்கூடாதது எது என்பதையும் தமிழிலே கற்பித்தல் வேண்டும். பொறியியலாராய் விளங்கும் நம் பழைய மாணவர் இரண்டு பக்கங்களில், படங்களுடன், கராஜுச் சுவரில் ஒட்டத்தக்கதாக எழுதித் தரலாம். அவர்களுள் எவரேனும் முறிந்த சில்லொன்றை நம் கல்லூரி விஞ்ஞான கூடத்துக்குக் கொணர்ந்து வைப்பாராயின் இன்னும் நன்று. வெடிப்பு மெல்ல மெல்ல முன்னேறிய வழவழப்பான பகுதியையும், இறுதியில் ஒரே நொடியில் பிளந்த கரடுமுரடான பகுதியையும் மாணவர் கையால் தடவியே வேறுபடுத்தி அறியலாம்.