மங்கலாகவே இருக்கட்டும்

சென்ற வாரம் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு காணொளித் துண்டைக் காட்டினார். 1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த உலகக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டம். இந்தியா 2, பாகிஸ்தான் 1. 2023 வரை நடந்த உலகக் கோப்பைகளில் நம் ஆண்கள் அணி வென்றது அந்த ஒன்றைத்தான். "பழசு மாதிரியே இல்ல பாருங்க சார்" என்றார். உண்மைதான். புல் பச்சைப்பசேலென்று இருந்தது. முகங்களில் வியர்வை மின்னியது. பின்னணியில் அதிரும் இசை, அதன் மேல் இந்தி வர்ணனை. யாரோ செயற்கை நுண்ணறிவின் துணையால் மெருகேற்றியிருக்கிறார்கள்.

மெருகேற்றாத துண்டுகளையும் முன்பு பார்த்திருக்கிறேன். நகலின் நகல், அதற்கும் ஒரு நகல். பல இடங்களில் பந்தே தெரியாது. மட்டைகள் திரும்பும் திசையைக் கொண்டு அதை ஊகித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் இரைச்சல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஆயினும் எனக்கு அந்த மங்கல்தான் வேண்டும். பழமையின் மீதுள்ள மோகத்தால் இதைச் சொல்லவில்லை.

அந்த ஆட்டத்தின் முடிவு ஒரு கணத்தில் தொங்குகிறது. முதல் கோல் பாகிஸ்தானுக்கு. சுர்ஜித் சிங் அதைச் சமன் செய்தார். பிறகு தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் உட்புறத்தில் பட்டு வெளியே திரும்பிவிட்டது. கோல் இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் வாதிட்டார்கள். கோல்தான் என்றார் மலேசிய நடுவர் ஜி. விஜயநாதன். காணொளியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடெல்லாம் அன்று கிடையாது. அவருடைய கண் ஒன்றே சாட்சி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 படங்கள். நம் பகுதியில் வழங்கிய தொலைக்காட்சி முறையில் 25. நல்ல ஹாக்கி அடி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். அந்த வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பந்து 1 மீட்டருக்கு மேல் போய்விடும். கோல் கோட்டின் அகலமோ 7.5 செ.மீ.; பந்தின் விட்டமும் ஏறத்தாழ அவ்வளவே. முழுப் பந்தும் கோட்டைக் கடந்தால்தான் கோல். ஆக, பந்து கோட்டைக் கடந்து திரும்பிய நிகழ்வு முழுவதும் இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள இருட்டில் நடந்து முடிந்திருக்கலாம். நாடா எத்தனை நல்ல நிலையில் இருந்தாலும் அந்த இருட்டில் ஒன்றுமே பதிவாகியிருக்காது.

மெருகேற்றும் மென்பொருள் இங்கேதான் வேலை செய்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே புதிய படங்களை வரைந்து சேர்க்கிறது. பந்து எங்கே இருந்திருக்கும் என்று தானே ஊகித்து, அங்கே ஒரு வெள்ளை உருண்டையை வைக்கிறது. ஐம்பதாண்டுப் பழைய வழக்கில் ஒரு புதிய பொய்ச்சாட்சி கூண்டேறுகிறது. பார்ப்பவருக்கோ அது கண்கண்ட சாட்சி. பந்தை இந்தியாவுக்குச் சாதகமாக வைத்தாலும் எனக்கு இதே ஆட்சேபணைதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சிக்கல் அன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு இரண்டு பாடல் புனைந்து இட்டு நிரப்பும் புலமை இல்லாமலா போயிற்று? சிதைந்த அடிகள் இன்றும் புள்ளிகளாகவே அச்சாகின்றன. நம் ஊர் செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுவடிகளை மின்பதிவு செய்யும்போது பூச்சி அரித்த துளையும் துளையாகவே பதிவாகிறது. ஓலைக்குக் காட்டும் இந்த மரியாதையைக் காந்த நாடாவுக்கும் காட்டலாம். தூசி துடைப்பதையும் நிறம் சீராக்குவதையும் நான் குறை சொல்லவில்லை. மெருகேற்றியவர் அதைச் சொல்லிவிட்டு, மூலத்தையும் பக்கத்தில் வைக்கட்டும்.

ஒலியின் கதை இன்னும் மோசம். அந்த இந்தி வர்ணனை ஜஸ்தேவ் சிங்குடையது, வானொலிக்காகப் பேசியது. படம் வேறு, குரல் வேறு, பின்னாளில் ஒட்டவைத்திருக்கிறார்கள். ஒட்டியதில் குரல் முந்துகிறது, பந்து பிந்துகிறது. போதாக்குறைக்கு இசை வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையமே அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல்தான் தொடங்கிற்று. ஆகவே மார்ச்சில் நம்மவர்களுக்கு ஆட்டம் என்றால் அந்தக் குரல் மட்டுமே. படத்துக்குத் துணையாகப் பேசிய பேச்சன்று அது. தன்னளவில் முழுமையான ஆவணம்.

முத்தியால்பேட்டைத் தேநீர்க்கடை ஒன்றின் வானொலியில் அப்பா அதைக் கேட்டவர். இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. பெயர்களும் குரலின் ஏற்ற இறக்கமும் போதுமானவையாக இருந்தன என்பார். சென்னைக்காரர் வி.ஜே. பிலிப்ஸின் பெயர் வரும்போதெல்லாம் கடையில் ஆரவாரம் எழுமாம். கடைசி கோலின்போது குரல் உச்சத்துக்குப் போனதும், கோலா இல்லையா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

மாணவர் அனுப்பிய துண்டை அன்றிரவு அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

"பாட்டை நிறுத்துப்பா, ஒண்ணும் கேக்கல" என்றார்.