பரிசல்காரரை ஆற்றை விட்டு அனுப்பலாமா?

மேலை நாடுகளில் இலையுதிர் காலத்தில் படகோட்டியின் துணையோடு ஆற்றில் சால்மன் பிடிக்கப் போவார்கள். நம் காவிரியிலும் அப்படி ஒன்று இருந்தது. ஒகேனக்கலுக்கு மேலே, கர்நாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோரே பகுதிகளில், உள்ளூர்ப் பரிசல்காரர் வழிகாட்ட, கேழ்வரகு உருண்டையைத் தூண்டிலில் கோத்து மாசீர் பிடிப்பார்கள். எடையைக் குறித்துக்கொண்டு மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்.

வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி, சரணாலயத்துக்குள் அது நிறுத்தப்பட்டது. வாயில்லா ஜீவனை வதைப்பது பாவம்தானே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் காவிரிக்கே உரிய, முதுகு திமிலாக உயர்ந்த மாசீர் அருகி வருவது எப்படித் தெரிந்தது? கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த அந்தக் குறிப்பேடுகளை ஆராய்ந்துதான். வளர்த்து ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருகப் பெருக, சொந்த ஊர்க்காரன் குறைந்துபோனான். 2018-இல் அதற்கு 'டோர் ரெமாதேவி' என்ற அறிவியல் பெயர் உறுதியானது. இன்று அது மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

வெடி வைத்து மீன் பிடிப்பவன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆற்றில் பரிசல் ஓடினால் அவனுக்குப் பயம் இருக்கும். தூண்டில் வேண்டாம், சரி. அந்தப் பரிசல்காரர்களையே சம்பளம் கொடுத்து ஆற்றுக் காவலராக வைத்தால் என்ன? எந்த மடுவில் எந்த மீன் கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் திருவதிகைக் கெடிலத்தில் பல மாதம் மணல்தான்; காக்க மீனே இல்லை. காவிரியில் இன்னும் இருக்கிறது.