இலையில் விளையும் நிக்கல்

“டிகிரி முடிச்சா போதாதாம்மா? எப்போ வேலைக்குப் போவே?” வேதியியல் முதுநிலை ஆய்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் அப்பா கேட்ட கேள்வி இது. கடன் கட்டும் வீட்டில் நியாயமான கேள்விதான்.

நான் அவரிடம் ஒரு செடியைப் பற்றிச் சொன்னேன். சபாவின் கினபாலு மலைப் பகுதியில் சில இடங்களில் மண்ணில் நிக்கல் மிகுதி. பல பயிர்கள் அங்கே செழிப்பதில்லை. ஆனால், நம் கீழாநெல்லிக்கு உறவான ‘ஃபில்லாந்தஸ் ரூஃபுசேனியி’ அந்த நிக்கலை உறிஞ்சி இலைகளில் சேமிக்கிறது. காய்ந்த இலையின் எடையில் 2 விழுக்காடு வரையிலும் அதற்கு மேலும் நிக்கல் இருக்கலாம். இலையை எரித்தால், சாம்பலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கலாம். மின்சாரக் கார் மின்கலத்துக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் வேண்டிய உலோகம் அது.

இச்செடிக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2018-இல்தான். அது இயற்கையாக வளரும் இடங்களோ மிகச் சில. யாரும் ஆராயாமல் இருந்திருந்தால், பெயர் பெறும் முன்பே அது அழிந்திருக்கக்கூடும்.

மண்ணியல், தாவரவியல், வேதியியல் மூன்றும் கைகோத்தால்தான் இதைப் புரிந்துகொள்ள முடியும். இளங்கலையில் நாம் பிறர் கண்டதைப் படிக்கிறோம். ஆய்வில்தான் யாரும் காணாததைத் தேடுகிறோம். நம் நாட்டு மண்ணைத் தேடும் அந்த வரிசையில் நம் மாணவர்களும் நிற்க வேண்டாமா?

உதவித்தொகையை விசாரியுங்கள்; வீட்டில் பொறுமையாகப் பேசுங்கள். என் அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால், நேற்று அவரே கேட்டார்: “அந்தச் செடி பேர் என்னம்மா?”